பொறியியல் கலந்தாய்வு: சாய்ஸ் போடுவதற்கு முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் முதலில் கட்-ஆஃப் போட்டுப் பாருங்கள். கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92+42+44, ஆக 200-க்கு 178.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு தனியாக உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் பட்டியல் போடுவது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ‘நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது’ என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே வைக்கிறார்கள், ஆனால் கம்ப்யூட்டர் உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும், கீழே நல்லது இருந்தாலும் எட்டிப் பார்க்காது. ஆசைப்படுவதை மேலே போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகும், நஷ்டமில்லை. எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, பத்தோடு நிறுத்தாதீர்கள். போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பதை உங்கள் சாதிப் பிரிவுக்கு, பாடவாரியாகப் பாருங்கள்.

சேரவே விருப்பமில்லாத கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாலும் சரி.

ஒதுக்கீடு வந்ததும் ‘இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதுக்குக் காத்திருக்கிறேன்’ என்ற வாய்ப்பும் இருக்கும். கெடு தேதிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.