சிறுநீர் கழிப்பதை மூளை கட்டுப்படுத்தும் விதம்: படிப்படியான விளக்கம்

சிறுநீர்ப்பை நிரம்பத் தொடங்குவது முதல் காலியாவது வரை, ஆரோக்கியமான ஒருவரின் நரம்பு மண்டலத்தில் நடப்பவற்றை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். நாள் முழுவதும் சில நிமிடங்கள் தவிர மற்ற நேரமெல்லாம் மூளை செய்வது தடுத்து நிறுத்தும் வேலைதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் படிகள் எளிதில் விளங்கும்.

படி 1: தசைகளை அறிந்துகொள்ளுங்கள். சிறுநீர்ப்பையின் சுவர் டெட்ரூசர் என்னும் தசையால் ஆனது. பையின் கழுத்தில், சிறுநீர் வெளியேறும் வழியை இறுக்கி மூடும் உட்புறச் சுருக்குத்தசையும், அதற்குக் கீழே வெளிப்புறச் சுருக்குத்தசையும் உள்ளன. இவற்றுள் வெளிப்புறத் தசை மட்டுமே நாம் நினைத்தபடி இயங்கும்.

படி 2: நிரம்பும் கட்டம். நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் பையின் சுவரைத் தளர்த்திக் கழுத்தை இறுக்கி வைப்பதால், சிறுநீர் சேரச் சேரப் பை விரிகிறதே தவிர, உள்ளே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. ஏறத்தாழ 150 முதல் 200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு தோன்றும். பெரியவர்களின் பை பொதுவாக 400 முதல் 600 மி.லி. வரை கொள்ளும்.

படி 3: செய்தி மேலே செல்கிறது. பையின் சுவர் விரிவதை உணரும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிப்பகுதிக்கும், அங்கிருந்து நடுமூளைக்கும் தகவல் அனுப்புகின்றன. இன்சுலா என்னும் மூளைப் பகுதியின் பங்களிப்பால் அது நமக்குச் ‘சிறுநீர் வருகிறது’ என்ற உணர்வாகிறது.

படி 4: முடிவெடுத்தல். இதுவே இந்த அமைப்பின் மையம் என்பேன். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் சிறுநீர் கழிப்பைத் தொடங்கிவைக்கும் நரம்பு மையம் ஒன்று உள்ளது. பூனைகளில் செய்த ஆய்வின் மூலம் பாரிங்டன் 1925-இல் இதை வெளிப்படுத்தியதால், அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நடுமூளை இந்த மையத்தைத் தூண்ட முனையும். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல், இடமும் வேளையும் பொருத்தமா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் நடுமூளையை அடக்கிவைக்கும். கூட்டம் ஒன்றின் நடுவே எழும் அவசரம், பேச்சில் கவனம் திரும்பியதும் சற்று நேரம் தணிவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அப்போது பையில் இருக்கும் சிறுநீர் துளியும் குறைந்திருக்காது.

படி 5: வெளியேற்றுதல். கழிப்பறையில் முன்மடல் தன் தடையை விலக்கியதும் பான்ஸ் மையம் செயல்படுகிறது. முதலில் வெளிப்புறச் சுருக்குத்தசை தளர்கிறது. அடுத்த சில நொடிகளில் டெட்ரூசர் சுருங்குகிறது. (இடையில் நிறுத்திப் பார்க்க முடியும் என்றாலும், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்; பை முழுமையாகக் காலியாகாமல் போகலாம்.)

இந்த வரிசையைக் காப்பது பான்ஸ்தான் என்பதற்குத் தண்டுவடக் காயங்களே சான்று. பான்ஸுக்கும் தண்டுவடத்தின் அடிப்பகுதிக்கும் இடையிலான தொடர்பு அறுந்தவர்களிடம், பையும் சுருக்குத்தசையும் ஒரே நேரத்தில் சுருங்கி, சிறுநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கக்கூடும்.