மலைப்பூ பார்க்கக் குழந்தைகளோடு போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பள்ளி மூடட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வசந்தத்தைக் கோட்டைவிடுகின்றன. மலைப்பூ என்றாலே உத்தராகண்டின் ‘பூக்களின் பள்ளத்தாக்கு’தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்தத் தேசியப் பூங்கா திறப்பதே ஜூன் 1-ஆம் தேதி. அப்போதும் ஓடைகளின் மேல் பனி மூடிக்கிடக்கும். பள்ளத்தாக்கு நிறையப் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அது மழைக்காலம், பள்ளியும் திறந்திருக்கும்.

வசந்தப் பூவுக்கு வேறு இடம் இருக்கிறது. அதே உத்தராகண்டில், கட்வால் மலைப்பகுதியின் ஊக்கிமட் ஊருக்கு மேலே சாரி கிராமம், தேவரியாதால் ஏரி, சோப்தா. மார்ச், ஏப்ரலில் அந்தக் காடுகளில் புரான்ஷ் (ரோடோடென்ட்ரான்) மரம் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதே இனம்தான்.

அடுத்த தவறு, தேதியைப் பார்த்துவிட்டு உயரத்தை மறப்பது. மலையில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறும். மார்ச் நடுவில், நம் வீடுகளில் காரடையான் நோன்பு வரும் அதே சங்கராந்தியில், கட்வாலில் பூல்தேயி என்ற பூத்திருவிழா. அன்று குழந்தைகள் காட்டுப்பூக்களைப் பறித்துவந்து வீட்டுக்கு வீடு வாசற்படியில் இடுவார்கள். அப்போது பூ இருப்பது 1,500 முதல் 2,000 மீட்டர் உயரத்தில். ஏப்ரல் நடுவில் அது 2,400, 2,700 மீட்டருக்கு ஏறியிருக்கும். புல்வெளிப் பூக்கள் இன்னும் மேலே, பனி உருகிய பிறகு, பெரும்பாலும் மே மாதத்தில். மார்ச்சில் சோப்தாவுக்கு மேலே 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கும் துங்கநாத் கோயிலுக்கு ஏறினால் பூவுக்குப் பதில் உறைந்த பனிப்பாதைதான் இருக்கும். குழந்தைகளை அதில் நடக்கவிடக் கூடாது.

குடும்பத்துக்கு ஏற்ற நாள் ஏப்ரல் 14-ஐ ஒட்டிய விடுமுறை. ஏற்ற நடை சாரியிலிருந்து தேவரியாதால். பனிக்காலம் நீண்ட ஆண்டில் பூ இரண்டு வாரம்கூடத் தள்ளிப்போகும். அதனால் கிளம்பும் வாரத்தில் தங்கப்போகும் இடத்துக்குப் போன் போட்டு, “புரான்ஷ் எதுவரை பூத்திருக்கிறது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி எந்த இணையப் படத்தையும் விடப் பயன்படும்.

தில்லியிலிருந்து ஒரே நாளில் காரில் போய்ச்சேர நினைக்காதீர்கள். ரிஷிகேஷ் தாண்டியதும் வளைவுப் பாதை. குழந்தைகளுக்கு வாந்தி வரும், இருட்டியபின் மலைச்சாலையில் ஓட்டுவதும் ஆபத்து. முதல் இரவு (காஷ்மீர் அல்ல) கட்வால் ஸ்ரீநகரிலோ ருத்ரபிரயாகையிலோ தங்குங்கள். இரண்டாம் இரவு சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் சாரியில். தில்லி 200 மீட்டர் சொச்சம்தான், உடம்பு பழக அவகாசம் வேண்டும். மேலே போனபின் உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் குழந்தை தலைவலி என்று சொல்லத் தெரியாமல் காரணமில்லாமல் சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும், வாந்தியெடுக்கும். களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

தேவரியாதாலுக்குச் சுமார் 3 கிலோமீட்டர்தான் என்பதால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஏற்றம் 400 மீட்டர். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டரை, மூன்று. காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பகல் 12 மணிக்குத் திரும்புங்கள். ஏப்ரலில் மதியத்துக்குமேல் மேகம் கூடி ஆலங்கட்டி மழை கொட்டுவது வழக்கம். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் உள்சட்டை, கம்பளி, மேலே மழைக்கோட்டு என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். புளியோதரை கெடாது என்றாலும் தாகம் எடுக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். வாழைப்பழத் தோலும் குளிரில் எளிதில் மக்காது, பையிலேயே திரும்பி வரட்டும்.

பாதையோரம் பிச்சூ காஸ் என்ற செடி உண்டு. நம்மூர்க் காஞ்சொறி போலத் தொட்டதும் எரியும். பட்ட இடத்தைத் தேய்த்தால் சுனை இன்னும் உள்ளே போகும். செல்லோடேப் ஒட்டி உரித்து எடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

பூப் பார்ப்பதில் நடக்கும் பெரிய தவறு, எதிரே தெரியும் சிவப்பை மட்டும் படமெடுத்துக்கொண்டு நடப்பது. சின்னப் பூக்களெல்லாம் கணுக்கால் உயரத்தில் இருக்கும். பனி உருகிய ஈரப் புல்தரையில் இலையில்லாத தண்டின் நுனியில் ஊதா உருண்டையாக ஒரு பிரிமுலா நிற்கும். தண்டு சில நேரம் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அருகே போகப் பாதையை விட்டு இறங்கினால், உங்கள் காலடியில் இன்னும் விரியாத பத்துச் செடி நசுங்கும். பாதையிலேயே மண்டியிட்டு, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். மேலே சிக்னல் நம்ப முடியாது, பூவின் பெயர் சொல்லும் செயலியைச் சார்ந்திருக்க வேண்டாம். பூ, இலையின் இரு பக்கம், முழுச்செடி என்று படமெடுத்து வந்தால் பிறகு பெயர் தேடலாம்.

இலையின் அடிப்பக்கம் ஏன்? புரான்ஷ் இலையைக் கீழிருந்து பார்த்தால் வெள்ளி நிறம். அதன் உறவான, இன்னும் உயரத்தில் புதராக வளரும் இனத்தில் துருப்பிடித்தாற்போலப் பழுப்பு ரோமம். அந்தப் புதர் நஞ்சு. புரான்ஷ் பூவில் செய்யும் சர்பத்தைக் குடித்த குழந்தை அதையும் வாயில் வைக்கலாம், கவனம்.

இந்தக் காடு 1972-இல் அறிவிக்கப்பட்ட கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. எதையும் பறிக்கக் கூடாது. மரத்தடியில் உதிர்ந்த பூ நிறையக் கிடக்கும். அதில் ஒன்றை விரித்துக் காட்டுங்கள்: பத்து மகரந்தத்தாள், அடியில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னத் தேன்குழிகள். தேன்சிட்டு எதைத் தேடி வருகிறது என்று குழந்தையே சொல்லிவிடும்.