சுகர் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் தட்டை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி?

லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார், சேலம் ஐந்து ரோட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நாலு பேர் நாற்பது யோசனை சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் என்கிறார், மாமா "மாத்திரையை மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அப்புறம் விடவே முடியாது" என்கிறார், வாட்ஸ்அப்பில் ஆவாரம்பூ வருகிறது. சேலத்தில் சுகர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

என் கட்சி வேறு. மாத்திரையை டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளுங்கள், அதில் கை வைக்காதீர்கள். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மட்டும் ஊரைக் கேட்காமல் உங்கள் விரல் நுனியையே கேளுங்கள். அதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இது மாத்திரையில் இருக்கும், பெரியவர்களுக்கு வருகிற டைப் 2 சுகருக்கு. கர்ப்பிணிகளுக்கும் டைப் 1 பிள்ளைகளுக்கும் கணக்கே வேறு, அவர்கள் டாக்டரோடுதான் போக வேண்டும்.

படி 1: ரிப்போர்ட்டில் மூன்று எண்கள்

வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200-ஓ அதற்கு மேலோ, ஹெச்பிஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் சுகர். பெரிய தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிக் கணக்கு, அதனால் டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. ரத்தசோகை இருந்தால் இந்த எண் மாறிக் காட்டும், அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பொதுவாகப் பலருக்கு வைக்கிற இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 180-க்குள், ஹெச்பிஏ1சி 7-க்குள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். உங்கள் இலக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: மாத்திரைக்கு நேரம்

மெடிக்கலில் பட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயர் பாதி போய்விடும். உள்ளே என்ன மருந்து என்று கேட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் இப்போது வருகிற மாத்திரைகள் பலவும் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தவை. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ போட வேண்டும். முதல் சில வாரம் வயிறு கடமுடா என்று இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், முடியவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தருவார்கள் (அந்த வகையை உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது). பல வருடம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், காலில் மதமதப்பு வந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுவது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் இறங்கிவிடும், இதைப் படி 6-இல் சொல்கிறேன். டபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது, அதனால் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்குக் காசு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பிபி மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துவிட்டால், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பயனுள்ள திட்டம், கேட்டு வாங்குங்கள்.

படி 3: விரலைக் குத்துவதற்கு முன் கையைக் கழுவுங்கள்

குளுக்கோமீட்டர் (வீட்டிலேயே சுகர் பார்க்கிற மெஷின்) வாங்கும்போது மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள், செலவு முழுக்க அதில்தான். ஸ்ட்ரிப் டப்பாவைச் சமையலறையிலும் காரிலும் வைக்காமல், எடுத்த உடனே இறுக மூடி வையுங்கள், தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். இது சும்மா சுத்தத்துக்காகச் சொல்வதல்ல. மாம்பழக் காலத்தில் எங்கள் பெரியம்மா வீட்டில் மல்கோவா நறுக்கிக்கொண்டே இருந்தவர் கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரலைக் குத்திப் பார்த்தார். மெஷின் 287 என்றது. "நான் ஒரு துண்டு கூட வாயில வைக்கலையே சாமி!" என்று பதறிவிட்டார். கையைக் கழுவச் சொல்லி வேறு விரலில் பார்த்தோம், 152. பழச்சாறு கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே போதும், அந்தத் துளி ரத்தத்தில் அது பெரிய கலப்படம். நல்லவேளை அந்த 287-ஐ நம்பி யாரும் கூடுதலாக ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கவில்லை.

விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. பிதுக்கிப் பிதுக்கி எடுக்காமல், கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் ரத்தம் தானே வரும். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. இன்னொன்று, நல்ல மெஷின்கூட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம், அதனால் நேற்று 128 இன்று 136 என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

படி 4: ஜோடியாகப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று பார்த்துவிட்டு மெஷினை மூடிவிடுகிறார்கள். அந்த எண் முக்கியம்தான், ஆனால் தட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள், சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. நோட்டில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். 'டிபன்' என்று எழுதாதீர்கள், 'இட்லி 4, தேங்காய்ச் சட்னி, சாம்பார் ஒரு கரண்டி' என்று எழுதுங்கள். வித்தியாசம் 40, 50-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகிறது. 80, 100 என்று ஏறினால் அளவையோ சேர்மானத்தையோ மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். நாலு இட்லியை மூன்றாக்கி ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்து, இன்னொரு நாள் அதே நேரத்தில் பாருங்கள். மதியச் சாப்பாட்டில் பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துப் பாருங்கள், அளவு மாறாமலே எண் குறைவதைப் பலரும் பார்க்கலாம். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் உள்ளே போனால் மாவுச்சத்து ரத்தத்தில் சேர்வது நிதானப்படுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

நம்ம ஊர்ப் பக்கம் அவசியம் சோதித்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் கேழ்வரகுக் களி. சுகருக்குக் களி நல்லது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பெரிய உருண்டையை உள்ளே தள்ளுகிறவர்கள் இங்கே நிறைய. நூறு கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி இருக்கிறது, அரிசியில் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நார்ச்சத்தும் கால்சியமும் இருப்பதால் அது நல்ல தானியம், மறுக்கவில்லை, ஆனால் அளவு அளவுதான். நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்தால் இன்னும் வேகமாக ஏறும். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் கிடைக்கிற சாமை, தினைக்கும் இதேதான், சோற்றின் இடத்தில் வைக்கலாம், சோற்றுக்கு மேல் வைக்கக் கூடாது.

அடுத்தது ஜவ்வரிசி. இந்தத் தொழிலே நம்ம மாவட்டத்தை நம்பி நடக்கிறது, பெருமைதான், ஆனால் அது குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளி) எடுத்த சுத்தமான ஸ்டார்ச், புரதமோ நாரோ பேருக்குக்கூடக் கிடையாது. விரதம் என்று ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குக் கண்டிப்பாக ஜோடி ரீடிங் பார்க்கவும், பார்த்தால் நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. இரண்டு மெல்லிய தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், இரண்டு சட்னி. நினைத்த அளவு சர்க்கரை ஏறாது, எண்ணெய்தான் பிரச்சினை. ஒரு செட்டு சாப்பிட்டுப் பாருங்கள், எண் என்ன சொல்கிறதோ அதன்படி. மாம்பழமும் அப்படித்தான், சாப்பாட்டுக்குப் பின் சேர்த்துச் சாப்பிடாமல், தனியாக இரண்டு துண்டு, ஜூஸாக வேண்டவே வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, மலைத்தேன் எல்லாம் சர்க்கரைதான், அதற்கு ஸ்ட்ரிப்பைச் செலவழிக்கக்கூட வேண்டாம்.

படி 5: நடை

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. காந்தி ஸ்டேடியத்தில் காலையில் ஒரு மணி நேரம் சுற்றுவது நல்லதுதான், அதோடு சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவுக்குள்ளேயே நடந்தால் அந்த 2 மணி நேர எண்ணில் நேரடியாகத் தெரியும். தறியிலும் வெள்ளிப் பட்டறையிலும் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அரைமணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு உட்காருங்கள்.

படி 6: இறங்கினால் என்ன செய்வது

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இது அபூர்வம், கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ அதே அளவு குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்பவும் அதே. ஏறின பிறகு எதையாவது சாப்பிடுங்கள். சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் கிளிமிபிரைடு போட்டு, அவசரமாக இட்லி சாப்பிட்டு, அடிவாரத்தில் வண்டி ஏறி, 20 கொண்டை ஊசி வளைவில் பாதியில் அத்தனையையும் வாந்தி எடுத்தால், மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், சாப்பாடு மட்டும் வெளியே போயிருக்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் மலை ஏறாதீர்கள், வண்டி ஓட்டுபவர் நீங்கள் என்றால் ஏறுவதற்கு முன் ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் அதை நிறுத்தின காருக்குள் விட்டுவிட்டு ஏரியில் படகு விடப் போகக் கூடாது. திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் போட்ட மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி கவரில் சுற்றி வைக்கலாம்.

படி 7: கால், கண், கிட்னி

வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் (இரண்டும் கிட்னிக்கு), கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். பிபியை ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். கால்களை மட்டும் தினமும் நீங்களே பார்க்க வேண்டும், ராத்திரி படுப்பதற்கு முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும், குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடி வைத்து. நரம்பு மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வெயில் நேரத்தில் வெறுங்காலோடு போய்வந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் அது புண்ணாகிப் போவதெல்லாம் நடக்கிற கதை. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் விடியற்காலையில் தரை சூடேறுவதற்கு முன் போய்வாருங்கள், பூமிதி வேண்டாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காய்ச்சல், வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாட்களில் மெட்ஃபார்மினையும் டபாகிளிஃப்ளோசினையும் நிறுத்தி வைப்பதா என்று டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எண் 300-க்கு மேலேயே நின்றுகொண்டு, வாந்தியும் வயிற்று வலியும் மேல்மூச்சு வாங்குவதும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மாத்திரைப் பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.