மலைமேல் கடை, கீழே இருந்து தேடல்: நீலகிரிச் சிறு வியாபாரத் தளத்துக்கு எஸ்.இ.ஓ. செய்யும் முறை

ஊட்டியில் மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட் கடை வைத்திருப்பவரின் தளத்தைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஊட்டியில் இருப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டோ, திருப்பூரில் சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டுக்கொண்டோ போனைத் தட்டிக்கொண்டிருப்பார். கோத்தகிரி ஹோம்ஸ்டேவுக்கும் குன்னூர் டீத்தூள் கடைக்கும் இதே நிலைதான். கீழே இருப்பவர் அடிக்கிற சொல்லுக்கு உங்கள் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைக் கூகுளால் படிக்கவும் முடிய வேண்டும். எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை முன்னால் வரச் செய்யும் வேலை) என்று மாதாமாதம் பணம் கேட்கிறவர்கள் முதல் பாதியைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் பல தளங்கள் சறுக்குவது இரண்டாவதில்.

கூகுள் உங்கள் தளத்தைப் பார்த்திருக்கிறதா?

கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால், தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது, பாதி வேலை வெளியே தெரியக்கூடாது என்று அந்த டிக்கைப் போடுவார்கள். தளத்தைத் திறந்த நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். அது இருக்கிற வரைக்கும் வேறு எதைச் செய்தாலும் வீண்.

அடுத்தது சர்ச் கன்சோல்: தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இலவசம். ‘டொமைன்’ (தளப் பெயர்) வகையைத் தேர்ந்தெடுத்தால், தளம் உங்களுடையதுதான் என்று காட்டும் ஒரு டி.எக்ஸ்.டி. பதிவு தருவார்கள், அதை டொமைன் வாங்கிய இடத்தின் டி.என்.எஸ். (பெயர் அமைப்பு) பகுதியில் ஒட்ட வேண்டும். இங்கேதான் பலருக்கு விஷயம் வெளியே வரும்: டொமைன் தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கும், கடவுச்சொல் அவரிடம் இருக்கும். முதலில் அதை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) முகவரியைச் சமர்ப்பியுங்கள். வேர்ட்பிரஸ் 2020 முதல் சைட்மேப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. முக்கியமான நான்கைந்து பக்கங்களுக்கு மட்டும் அதே கருவியின் யு.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷனில் இண்டெக்ஸ் கோரிக்கை (தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்வது) கொடுங்கள். ஒரே பக்கத்துக்குப் பத்து முறை அமுக்கினால் வேகம் கூடாது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. நோட்டீஸ் அடித்த டி.டி.பி. கடையில் வாங்கிய எழுத்தைப் பாமினி எழுத்துருவிலேயே தளத்தில் ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிகோடு (எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்துக் குறிமுறை) மாற்றியில் போட்டு மாற்றிய பின் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்; பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடுவதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். படம் இருக்கட்டும், கீழே எழுத்தாகவும் இருக்கட்டும்.

யாருடைய சொல்?

அரசுக் கடிதத்தில் உதகமண்டலம், பஸ் போர்டில் உதகை, தேடுகிறவர் விரலில் ஊட்டி. தலைப்பில் ஊட்டி இருக்க வேண்டும். உதகமண்டலம் முகவரியில் இருந்தால் போதும். தேடல் மூன்று விதமாக வரும்: ஆங்கிலத்தில், தமிழில், ஆங்கில எழுத்தில் தமிழாக. மூன்றுக்கும் மூன்று பக்கம் வேண்டாம். ஆங்கிலப் பக்கம் ஒன்று, தமிழ்ப் பக்கம் ஒன்று, தனித்தனி முகவரியில். இரண்டையும், எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் ‘ஹெச்ரெஃப்லாங்’ குறியால் ஒன்றுக்கொன்று இணைத்துவிடுங்கள். கேரளம், கர்நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்காக இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டி இன்னும் இரண்டு மொழி சேர்ப்பது வேண்டாத வேலை. திருத்திக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஒரு வர்க்கிக் கடையின் முகப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தேடல் முடிவில் தலைப்பாகத் தெரியும் டைட்டில் இடத்தில் ‘முகப்பு’ அல்லது ‘வரவேற்கிறோம்’ என்று இருக்கும். அந்தச் சொல்லை அடித்து யாரும் வர்க்கி தேடுவதில்லை. ‘ஊட்டி வர்க்கி – சாதா, மசாலா | கூரியர் உண்டு’ என்று மாற்றி, கடைசியில் கடைப் பெயரை வையுங்கள். டைட்டில் இத்தனை எழுத்துதான் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. ஆனால் திரையில் இடம் போதாவிட்டால் வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் சீக்கிரமே வெட்டுப்படும். ஆகவே முக்கியச் சொல் முதலில் வர வேண்டும். ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ (பார்ப்பவருக்குத் தெரியாத தேடல் சொற்கள்) பெட்டியில் ஐம்பது சொல்லை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பக்கத்தின் உள்ளே என்ன எழுதுவது? ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள் என்ற அரசு அங்கீகாரம்) கிடைத்தது. அதை ஒரு வரியில் சொல்லுங்கள், போதும். தேடி வந்தவருக்கு வேண்டியது வேறு: எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அரைக் கிலோ என்ன விலை, சென்னைக்குப் பார்சல் போய்ச் சேர எத்தனை நாள், வழியில் நொறுங்காமல் எப்படிக் கட்டுகிறீர்கள். கடையில் தினமும் கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பக்கத்துக்கு உள்ளடக்கம் அதுதான்.

பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். காரணம் எளிது. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘வர்க்கி’ என்ற சொல்லில் புள்ளி, கொக்கி எல்லாம் சேர்த்து ஏழு குறிகள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது 63 எழுத்து நீள வாலாகத் தொங்கும். பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவார். கூகுளுக்கு இதனால் கெடுதல் இல்லை, மனிதருக்குத்தான்.

படமும் வேகமும்

பனிமூட்டப் படம் இல்லாமல் ஹோம்ஸ்டே தளம் இல்லை. போனில் எடுத்த 5 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றுவதுதான் தவறு. அகலத்தை 1200 பிக்ஸலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கே.பி.க்குள் வந்துவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கூகுளின் வேகம் சோதிக்கும் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு, மொபைல் பிரிவில் பாருங்கள். உச்சியில் இருக்கும் பெரிய படத்துக்கு ‘லேஸி லோட்’ (படத்தைத் தாமதமாக ஏற்றும் அமைப்பு) போடாதீர்கள்; முதலில் வர வேண்டியதே கடைசியில் வந்து நிற்கும்.

வரைபடத்தில் பின்

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (தேடலிலும் வரைபடத்திலும் வரும் உங்கள் கடை விவரம்)தான் சிறு கடைக்குத் தளத்தைவிட அதிகம் ஆள் கொண்டுவரும். முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகை ஒன்பது வரை வைக்கலாம். முதன்மை வகை துல்லியமாக இருக்கட்டும்: சாக்லேட் விற்பவர் ‘கிஃப்ட் ஷாப்’ என்று போட்டால் சாக்லேட் தேடுபவரிடமிருந்து விலகிவிடுவார். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர்தான் ப்ரொஃபைலிலும் இருக்க வேண்டும். பெயரோடு ‘பெஸ்ட் ஹோம்மேட் சாக்லேட் ஊட்டி’ என்று ஒட்டவைப்பது விதிமீறல். யாராவது புகார் செய்தால் ப்ரொஃபைலே முடங்கும், அதுவும் சீசன் நடுவில்.

மலையில் பின் (இடத்தைக் காட்டும் குறி) வைப்பது தனிக்கலை. முகவரியை அடித்துவிட்டால் கூகுள் தோராயமாக ஒரு புள்ளியைப் போடும். அது சரிவுக்குக் கீழே உள்ள சாலையில் விழலாம். வரைபடத்தில் ஐம்பது மீட்டர்தான். வண்டிக்கோ இரண்டு கொண்டை ஊசி வளைவு சுற்றி வர வேண்டியிருக்கும், இல்லையென்றால் எஸ்டேட் கேட்டில் முட்டி நிற்க வேண்டியிருக்கும். கார் வந்து நிற்கும் வாசலில் நின்று, சேட்டிலைட் பார்வையில் பின்னை நகர்த்துங்கள். பிறகு வேறொரு போனில், கீழிருந்து வருவதுபோல வழி கேட்டுப் பாருங்கள். கூட்டம் அங்கேதான் என்று, தள்ளியிருக்கும் கேத்தியில் உள்ள ஹோம்ஸ்டேவுக்கு ஊட்டி நகரத்துச் சேரிங் கிராஸில் பின் வைக்காதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைகளோடு அங்கே வந்து தவிப்பவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் தூங்குவார்.

தொலைபேசி எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். தளத்தில் 0423 என்று தொடங்கும் பழைய லேண்ட்லைன், ப்ரொஃபைலில் செல் எண், பில் புத்தகத்தில் மூன்றாவது எண் என்றால் குழப்பம்தான். ப்ரொஃபைலோடு கூகுள் முன்பு இலவசமாகக் கொடுத்த குட்டித் தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டன. விசிட்டிங் கார்டில் அந்த முகவரி இருந்தால் மாற்றி அச்சடியுங்கள்.

விமர்சனம் கேட்கலாம், தவறில்லை. பில் மேசையில் கியூ.ஆர். அட்டை ஒன்று போதும். ‘ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு கிராம் சாக்லேட் இலவசம்’ என்பது விதிக்குப் புறம்பு.

சீசன் கணக்கு

ஏப்ரல், மே கூட்டத்துக்கான பக்கம் பிப்ரவரிக்குள் தயாராக இருக்க வேண்டும். மலர்க் கண்காட்சி சமயத்துக்கென்று ஒரு பக்கம் வைத்தால் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஒரே பக்கத்தை வருடாவருடம் புதுப்பித்தால் அது சேர்த்த மதிப்பு அதிலேயே நிற்கும். புதுப் பக்கம் போட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு ‘வரும் வழி’ பக்கம் தங்கச் சுரங்கம். ஊட்டிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற முறை 2024 மே 7-ல் தொடங்கியது. மைசூரு பக்கமிருந்து வருகிறவருக்குப் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். இவற்றை உங்கள் வாசல் வரையான வழியோடு சேர்த்து எழுதி, அரசுத் தளத்துக்கு லிங்க் கொடுங்கள், சரிபார்த்த தேதியையும் போடுங்கள். விதி மாறும்போது அன்றைக்கே திருத்துங்கள்.

சீசன் முடிந்ததும் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். 16 மாதத் தரவு இருக்கும், அதாவது போன மே மாதத்தையும் இந்த மே மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தேடல் சொற்களை ‘இம்ப்ரெஷன்’ (தேடலில் உங்கள் பக்கம் தெரிந்த எண்ணிக்கை) வரிசையில் அடுக்கி, சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் இருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தின் விளிம்பில் நிற்கும் சொற்கள் இவை. புதுப் பக்கம் எழுதுவதற்கு முன் அந்தச் சொற்களுக்கான பழைய பக்கத்தில் விடுபட்ட பதிலைச் சேர்த்து, டைட்டிலைத் திருத்துங்கள். திருத்திவிட்டு மூன்று வாரம் கை வைக்காதீர்கள். நாளுக்கொரு டைட்டில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.