நிழல் மறையும் நண்பகலில் ஒரு பாடம்

சென்னையில் பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்கும் பெற்றோர், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களையொட்டி மொட்டை மாடியையே வகுப்பறையாக்கிக்கொள்ளலாம். அப்போது சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், பக்கங்கள் நேராக அமைந்த ஒரு எவர்சில்வர் டப்பாவின் நிழல், பன்னிரண்டு மணியைச் சற்றுக் கடந்ததும் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். பதினொன்றரை மணி முதல் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் குறித்து, அளந்து, வரைபடத்தாளில் பதியச் செய்யவும். மாடித் தளம் நீர் வடிவதற்காகச் சாய்ந்திருக்கும் என்பதால், கோலிக்குண்டு உருளாத இடமாகப் பார்த்து டப்பாவை வைக்கவும். (செருப்பை மறந்தால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.) மதுரையில் இந்நாள் ஏப்ரலில் ஏன் முன்னதாகவே வருகிறது என்று பிள்ளை கேட்டால், கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்திற்கும், அருகிலேயே இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவிற்கும் அழைத்துச் செல்லலாம்.