குடல் பாக்டீரியாவுக்காகச் சாப்பிடுவது எப்படி?

புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை வாங்கக் கிளம்பும் முன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ஜஸ்டின் சோனன்பர்க் குழுவினர் 2021-இல் 'செல்' இதழில் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரும் எரிக்கா சோனன்பர்க்கும் கிறிஸ்டோபர் கார்ட்னரும் சேர்ந்து, ஆரோக்கியமான 36 பேரில் பாதிப் பேருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவு, மீதிப் பேருக்குப் புளிக்கவைத்த உணவு என்று 10 வாரம் சாப்பிட வைத்தார்கள். புளித்ததைச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியோடு (உடலுக்குள் ஏற்படும் வீக்கம்) தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக்காரர்களிடம் வகைகள் கூடவில்லை. (அதற்காகக் கீரையை விட்டுவிடாதீர்கள், நார்ச்சத்து வேலை செய்ய 10 வாரம் போதாமல் இருந்திருக்கலாம்.)

சரி, இதை வீட்டில் எப்படிச் செய்வது? அவர்கள் சாப்பிட்டது தயிர், கெஃபிர் (புளித்த பால் பானம்), கிம்ச்சி (கொரியாவின் புளித்த காய்), கொம்புச்சா (புளித்த தேநீர்) மாதிரியானவை. தயிரும் மோரும் நம்மிடம் தினமும் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. இட்லி மாவும் புளித்ததுதானே என்பீர்கள். புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்தபிறகு அதில் உயிரோடு எது மிஞ்சும்? கொதித்த மோர்க்குழம்புக்கும் இதே கதிதான். எனவே சூடாக்காமல் சாப்பிடுங்கள்.

காய் வேண்டுமென்றால் முட்டைக்கோஸ்தான் சுலபம். 1 கிலோவை மெல்லியதாக நறுக்கி 20 கிராம் உப்பு போட்டு, தண்ணீர் விடும்வரை நன்றாகப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடையுங்கள். ஒரு துண்டுகூட நீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, ஏனென்றால் பூஞ்சைக்குக் காற்று வேண்டும், புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு வேண்டாம். வாயு வெளியேற மூடியைத் தளர்வாக வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே புளிக்கும், மூன்றாம் நாளே ருசி பாருங்கள், பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பூஞ்சை படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் அளவு. ஆய்வில் இருந்தவர்கள் கடைசியில் ஒரு நாளைக்குச் சராசரியாக 6 பரிமாறல் (ஒரு தடவை எடுத்துக்கொள்ளும் அளவு ஒரு பரிமாறல்) சாப்பிட்டார்கள், ஆனால் முதல் நாளே அல்ல, முதல் 4 வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் அங்கே போனார்கள். நீங்களும் ஒரு கிண்ணத் தயிரில் ஆரம்பித்து வாராவாரம் கூட்டுங்கள், வயிறு உப்பினால் அங்கேயே நில்லுங்கள். சர்க்கரை கொட்டிய பழத்தயிர் வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கோஸில் இருக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.