அம்மம்மாவின் சாடிக்கு வயது சொல்ல முன்

மீள்குடியேறி வளவு துப்புரவாக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த சாடி, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைத்ததால் தப்பிய கூசா. வன்னியில் பல வீடுகளில் பரம்பரைச் சாமான் என்று மிஞ்சியது இவ்வளவுதான். அந்த ஆசையில் கையில் எடுத்ததுமே தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். தயவுசெய்து தேய்க்காதீர்கள். காய்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, வெயிலில் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

மண் இறுகிப் பிடித்திருந்தால் ஆயிரம் வருசப் பழசு என்று சொல்லிவிடுவார்கள். இடம்பெயரும்போது வீட்டுச் சாமானைக் கோடிப்புறத்தில் புதைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். மண்ணும் உப்பும் படியச் சில மாரிகளே போதும். புதைத்தது யார் என்று வீட்டு மூத்தவர்களை முதலில் கேளுங்கள்.

கறுப்பு நிறம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. புத்தளம் பக்கத்துப் பொன்பரிப்பு, யாழ்ப்பாணத்துக் கந்தரோடை அகழ்வுகளில் கிடைத்த பழங்காலக் கறுப்பு–சிவப்பு மட்பாண்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், கறுத்த பானையைக் கண்டதும் அதுவென்றே நினைக்கிறார்கள். அந்தப் பழைய பாண்டத்தில் உட்பக்கமும் வாய் விளிம்பும் கறுத்திருக்கும், வெளியே கீழ்ப்பாகம் சிவந்திருக்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் படாமல் வந்த நிறம் அது. அடுப்புக் கரி இதற்கு நேர்மாறு: வெளியே, அடியில் பிடித்திருக்கும், ஈரத்துணியால் ஓரிடத்தைத் தொட்டால் துணியிலும் ஒட்டும். என் பெரியம்மாவின் முட்டியில் கறுப்பு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. வீடு எரிந்தபோது அந்தப் பக்கம்தான் நெருப்பைப் பார்த்திருந்தது.

கையால் செய்தது, வடிவம் கோணல், ஆகவே மிகப் பழசு என்பதும் சரியல்ல. உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். விரல் வரிகள் சுற்றிச் சுற்றி ஓடினால் சக்கரத்தில் வனைந்தது. குழிகுழியாக இருந்தால் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டியது. இரண்டும் மிகப் பழைய முறைகள், இன்றும் குயவர் கையில் இருப்பவை. செய்முறையை அவை காட்டும், ஆண்டைக் காட்டாது.

மெருகு (சூளைச் சூட்டில் கண்ணாடிபோல் பிடிக்கும் பூச்சு) பூசிய பழுப்புச் சாடியை மார்த்தபான் சாடி என்பார்கள். மார்த்தபான் பர்மாவின் துறைமுகம். அந்தப் பெயரில் வந்த சாடிகளில் பல தென்சீனச் சூளைகளில் சுட்டவை. மன்னாரின் பழைய துறைமுகமான மாந்தையில் பழைய சீனப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன என்பதற்காக வீட்டுச் சாடியையும் அந்தக் காலத்தில் சேர்க்க முடியாது. இந்த வகைச் சாடிகள் நூற்றாண்டுக் கணக்காகக் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. மெருகில் ஓடும் மயிர்க்கோடுகளும் சாட்சியல்ல, சூளையிலிருந்து எடுத்த அன்றைக்கே வெடிக்கும் மெருகும் உண்டு.

அடியில் தொழிற்சாலை முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அதிலுள்ள ஆண்டு பெரும்பாலும் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டாகவே இருக்கும். நாட்டின் பெயரைப் பொறிப்பது 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் பரவலானது. ‘சிலோன்’ தயாரிப்பு என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது.

பாண்டத்திலிருந்தே சிறிது துளைத்தெடுத்து, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை உண்டு. எரிந்த வீட்டில் கடுஞ்சூடு கண்ட பாண்டத்துக்கு அது எரிந்த நாளையே வயதாகச் சொல்லிவிடலாம். அந்தக் கதையை ஆய்வு செய்பவரிடம் மறைக்காதீர்கள்.

வளவு கிண்டும்போது யாரும் புதைக்காத பழம்பாண்டம் தட்டுப்பட்டால் அது வேறு விடயம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது அரசுக்குரியது. மேலும் கிண்டாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வீட்டுச் சாடியென்றால், அது எந்த ஊரிலிருந்து யாருடைய சீதனமாக வந்தது, எந்த மரத்தடியில் புதைந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே போட்டு வையுங்கள்.